சின்ன டீச்சரின் கட்டுரையைத் திருத்தியவள்

சின்ன டீச்சர் எழுந்து நின்று, தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படித்தாள். "அம்மா எனக்குத் தல பின்னுறப்ப வெரலு வெடிப்புல முடி சிக்கிக்கும். ஸ்ஸுன்னுவேன். அம்மா வெரல வாயில வச்சு நனைச்சுக்கிட்டு மறுபடியும் பின்னுவாங்க. ஸ்கூலுக்குப் போறவரைக்கும் என் தலையில தேயிலக் கசப்பு வாசம் அடிக்கும்." மலைமேல் இருக்கும் பிரிஞ்சாங்கில் ஒரு பள்ளிக்கூடத்தின் வகுப்பறை அது. பிள்ளைகளின் குட்டை நாற்காலிகளில் முட்டியை மடக்கி உட்கார்ந்திருந்த முப்பது ஆசிரியர்களும் அசையவில்லை. ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம் சுவர் மாதிரி நின்றது. அவள் படித்து முடித்ததும் விரிவுரையாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "இன்னொரு தடவ படிங்கம்மா" என்றார். அந்த நொடியில் என் நெஞ்சுக்குள் ஏதோ சுருக்கென்று இறங்கியது. அதற்குப் பெயர் பொறாமை என்று ஒப்புக்கொள்ள எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

எழுபதுகளின் பிற்பகுதி. தமிழ்ப் பள்ளிகளில் கட்டுரை சொல்லித் தரும் ஆசிரியர்களுக்கென்று ஆண்டிறுதி விடுமுறையில் மூன்று வாரப் பயிற்சி ஒன்றை வைத்திருந்தார்கள். எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளியிலிருந்து இரண்டு பேர் போனோம். நான் பயிற்சி பெற்ற ஆசிரியை. என் அப்பா தோட்டத்து ஆபீசில் பெரிய கிராணி, தலைமை எழுத்தர். அவள் தற்காலிக ஆசிரியை. அவளுடைய அம்மா கொழுந்து எடுப்பவர். நாங்கள் கிராணிமார் குவார்ட்டர்ஸில் இருந்தோம், அவர்கள் கீழே தொழிலாளர் லயத்தில். பிள்ளைகள் என்னைப் பெரிய டீச்சர் என்றும் அவளைச் சின்ன டீச்சர் என்றும் கூப்பிட்டார்கள். வயது வித்தியாசம் ஐந்துதான். ஆனாலும் அந்தப் பெரிய, சின்ன என்பதை நான் வயதுக் கணக்காக மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை.

விரிவுரையாளர் கோலாலம்பூரிலிருந்து வந்தவர். குளிர் தாங்காமல் ஸ்வெட்டர்மேல் ஸ்வெட்டர் போட்டிருப்பார். பாடம் நடத்துவார் என்று நோட்டும் பேனாவுமாகப் போன எங்களை, முதல் நாளே எழுதச் சொல்லிவிட்டார். "நீங்க எழுதிப் பழகாம பிள்ளைங்கள எழுதச் சொல்லாதீங்க. பேசுற மாதிரி வந்தாலும் பரவால்ல, பாத்தத எழுதுங்க." 'உழைத்த கைகள்' என்பது அன்றைய தலைப்பு. நான் உழைப்பின் உயர்வைப் பற்றி மூன்று பக்கம் எழுதினேன். எதுகை மோனையோடு, சந்தி பிசகாமல், படிக்கும்போது எனக்கே பெருமையாக இருந்தது. "நல்ல தமிழ்" என்றார் அவர். நான் மகிழ்ந்துபோய் உட்கார்ந்தேன். எனக்கு அடுத்துத்தான் சின்ன டீச்சர் எழுந்தாள். அவள் தாளில் ழகரமும் ளகரமும் இடம் மாறிக் கிடந்ததை நான் பக்கத்து நாற்காலியிலிருந்து ஏற்கெனவே பார்த்திருந்தேன்.

அதன்பிறகு ஒவ்வொரு காலையும் எனக்கு வேதனைதான். நான் அவளைப் போல எழுதப் பார்த்தேன். அப்பாவைப் பற்றி, வீட்டுக் கணப்பைப் பற்றி, துரை வீட்டு ரோஜாவைப் பற்றி. எதை எழுதினாலும் அது யாரோ மேடையில் பேசுவதைப் போலவே வந்து நின்றது. அவளோ முட்டை வேகும் நேரத்தில் ஒரு பக்கம் எழுதிவிடுவாள். அட்டை கடித்த காலைப் பற்றி எழுதினாள், எல்லாரும் காலைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். தேநீர் இடைவேளையில் மற்ற ஆசிரியர்கள் அவளைச் சுற்றி நிற்பார்கள். நான் சிரித்துக்கொண்டே, "எழுத்துப் பிழைய மட்டும் கொஞ்சம் பாத்துக்கம்மா" என்பேன். அவளும் உண்மையான நன்றியோடு, "சொல்லிக் குடுங்க டீச்சர், எனக்கு அது வரவே மாட்டுதுலா" என்பாள். அவள் பதிலுக்கு ஒரு சுடுசொல் சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

மூன்றாவது வாரம், எல்லாருடைய கட்டுரைகளிலிருந்தும் ஒன்றை எடுத்துச் சிறு தொகுப்பாக அச்சிட முடிவாயிற்று. நிறைவு நாளில் கல்வி இலாகா அதிகாரி வருவார். சின்ன டீச்சருக்கு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இடம் கேட்டு அவரிடம் பேசப்போவதாகவும், அந்தக் கட்டுரையைக் காட்டினால் போதும் என்றும் விரிவுரையாளர் எங்கள் எதிரிலேயே சொன்னார். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் அச்சுக்கான ஸ்டென்சில் தாளில் எழுதும் வேலை எனக்கு வந்தது. "எழுத்துப் பிழை இருந்தா மட்டும் திருத்திடுங்க" என்று சொல்லிவிட்டு, ஜுரம் என்று அவர் ஓய்வு விடுதிக்குப் போய்விட்டார்.

பிற்பகல். மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. ஆபீஸ் அறையில் நான் மட்டும். அவளுடைய தாள் வந்ததும் முதலில் ழகரத்தைத் திருத்தினேன். அது என் வேலை. பிறகு 'வெரலு' 'விரல்' ஆனது. இலாகா அதிகாரி பார்ப்பாரே, கொச்சையாக இருக்கலாமா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதன்பின் என் கை நிற்கவில்லை. 'என் அன்னையின் கரங்கள் உழைப்பால் உரமேறியவை. அப்பொற்கரங்கள் என் கூந்தலைப் பின்னும் அழகே அழகு' என்று எழுதினேன். சிக்கிய முடி போயிற்று. ஸ்ஸு போயிற்று. எச்சிலில் நனைத்த விரல் போயிற்று. கசப்பு வாசம் போன இடத்தில் 'தாய்மையின் நறுமணம்' வந்து உட்கார்ந்தது. எழுதி முடித்துப் படித்துப் பார்த்தேன். அது இப்போது என் கட்டுரையைப் போலவே இருந்தது. அப்போது எனக்கு உண்டான நிம்மதியை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

நிறைவு நாளன்று விரிவுரையாளர் ஆசையோடு அந்தப் பக்கத்தைப் பிரித்து அதிகாரியிடம் நீட்டினார். அதிகாரி படித்தார். "நல்லாத்தான் இருக்கு. எல்லாரும் இப்படித்தான எழுதுறாங்க?" என்று மூடி வைத்தார். விரிவுரையாளர் தொகுப்பை வாங்கித் தானும் படித்தார். அவர் முகம் மாறியது. மூலத்தாளைத் தேடினார். அது என் கைப்பையில் இருந்தது. "கிழிஞ்சு போச்சு சார்" என்றேன். அந்த ஆண்டு அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டுப் பயிற்சிக்குத் துணை வழிகாட்டியாக அதிகாரி என்னைத் தேர்ந்தெடுத்தார்.

திரும்பி வரும்போது தோட்டத்து லோரியில் முன்னால் இருவரும் நெருக்கி உட்கார்ந்திருந்தோம். அவள் மடியில் தொகுப்பு இருந்தது. வளைவுக்கு வளைவு அவள் தோள் என்மேல் சாய்ந்து விலகியது. வெகுநேரம் கழித்து, "உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கு டீச்சர்" என்றாள். சில மாதங்களில் அவளுடைய தற்காலிக வேலை முடிந்தது. திரிங்காப்பில் காய்கறித் தோட்டம் வைத்திருந்தவருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள் என்று கேள்விப்பட்டேன்.

நான் ஆண்டுதோறும் விடுமுறைப் பயிற்சிக்கு வழிகாட்டியாகப் போனேன். ஆசிரியர்களுக்கு நல்ல எழுத்து எது என்று காட்ட வேண்டுமே. என் கட்டுரை எதுவும் உதவவில்லை. கைப்பையில் பத்திரமாக வைத்திருந்த அவளுடைய தாளைத்தான் படித்துக் காட்டினேன். ஸ்ஸு வரும் இடத்தில் கண்ணை இடுக்கிப் படிப்பேன். கேட்டவர்கள் உருகுவார்கள். அது என் அம்மாவைப் பற்றி நான் எழுதியது என்று அவர்களாக நினைத்துக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை.

எண்பதுகளின் நடுவில், பயிற்சி வழிகாட்டி என்ற முறையில், லெம்பா பெர்த்தாம் பக்கம் ஒரு பள்ளியைப் பார்வையிடப் போனேன். நான்காம் வகுப்பு வாசலில் சின்ன டீச்சர் நின்றிருந்தார். விடாமல் விண்ணப்பம் போட்டு, கைக்குழந்தையைக் கணவரிடம் விட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போய்ப் படித்து முடித்திருந்தார். எப்போதும் நீ என்று பேசிய எனக்கு, "நல்லா இருக்கீங்களா?" என்றுதான் வாயில் வந்தது. பிள்ளைகள் ஓய்வு நேரத்துக்கு ஓடிய பிறகு அவரே பேச்சை எடுத்தார்.

"எங்க அம்மா கதைய எல்லா எடத்துலயும் படிக்கிறீங்களாமே டீச்சர்? உங்க பயிற்சிக்கு வந்த ஒருத்தவங்க சொன்னாங்க. ஸ்ஸுன்னு நல்லா சொல்றீங்களாம்."

என் கை தானாகக் கைப்பையை மூடிப் பிடித்தது.

"அவ்வளவு நல்லா இருந்துச்சுன்னா அன்னிக்கு ஏன் அதெல்லாம் எடுத்துட்டீங்க?"

"பொறாமையா இருந்துச்சு" என்றேன்.

"தெரியும். லோரியிலயே தெரியும்." அவர் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "எனக்கு ஆறு வருசம் போச்சு டீச்சர். அந்தப் புஸ்தகத்த அம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன். இது யாரோட அம்மான்னு கேட்டாங்க."

அந்த ஆண்டு இறுதிப் பயிற்சிக்கு என் இடத்தில் அவரைப் போடச் சொல்லி இலாகாவுக்கு எழுதினேன். போட்டார்கள். என் பெருந்தன்மையைப் பலர் மெச்சினார்கள். பெருந்தன்மை ஒன்றுமில்லை, அவருக்குத் தெரியும் என்றான பிறகு அந்தத் தாளை இனி என்னால் படிக்க முடியாது, அவ்வளவுதான். தாளை அவரிடமே கொடுத்துவிட்டு, கடைசி வரிசையில் சாதாரண ஆசிரியையாக உட்கார்ந்தேன். அவர் வகுப்பு நடத்தும் அழகைப் பார்க்கப் பார்க்க அதே சுருக் என் நெஞ்சில் புதிதாக இறங்கியது.

இரண்டாம் நாள் என் முறை வந்தது. மழை கொட்டிய அந்தப் பிற்பகலை எழுதியிருந்தேன். ஒவ்வொரு சொல்லாக நான் எப்படி மாற்றினேன் என்பதை, எந்தச் சொல்லை மாற்றும்போது எவ்வளவு இனித்தது என்பதை. பேச்சுத் தமிழில்தான் வந்தது. 'என்னை மன்னிச்சிருங்க' என்று முடித்தேன். அவர் கையை நீட்டித் தாளை வாங்கி, ஒருமுறை மௌனமாகப் படித்தார்.

"கடைசி வரிய மட்டும் எடுத்துடுங்க டீச்சர்" என்றார். "அதுக்கு முன்னாடியே முடிஞ்சிருச்சு."

பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தேன். மன்னித்தாரா என்று அன்று தெரியவில்லை, பிறகும் நான் கேட்கவில்லை. ஓய்வுபெற்று இத்தனை காலத்துக்குப் பிறகு அந்தக் கட்டுரையை எடுத்துப் படித்தால், அவர் சொன்னது எவ்வளவு சரி என்பதுதான் தெரிகிறது. அந்த வரி அங்கே வேண்டியதில்லை. எனக்கு அது தோன்றவில்லையே, அவருக்கு உடனே தோன்றிவிட்டதே என்று இன்றைக்கும் வயிறு எரிகிறது.