வேலியருகே வாய் திறக்காதவர்

ஓய்வு பெற்ற பிறகும், மொண்ட்ரியாலில் நான் கற்பித்த பல்கலைக்கழகத்தின் நூலகத்துக்கு நாள்தோறும் போய்வந்தேன். அங்கே காவலர் ஒரு யாழ்ப்பாணத்தவர். ஒடிசலான உடல், தோளில் நில்லாத சீருடை. சாவிகளெல்லாம் அவர் இடுப்பில்தான் தொங்கின. ஆனாலும் ஆளில்லாத அறையைக்கூடத் தட்டிவிட்டே திறப்பார்.

ஒரு நாள், "அப்பிடி என்னத்தைத்தான் வாசிக்கிறியள், ஐயா?" என்றார்.

இடைக்கால இங்கிலாந்தின் நிலவழக்குகள் என்றேன். பிரபு ஒருவன் நிலத்தைப் பறித்துக்கொண்டால், உள்ளே நுழைய அஞ்சும் உரியவன் ஆண்டுதோறும் இயன்றவரை அருகே சென்று, அது தன்னுடையது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அப்போது உரிமை அழியாது என்று விளக்கினேன்.

அவர் எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

"எங்கட காணியை ராணுவம் பிடிச்சு ஆமி காம்ப் போட்டிருக்கு. ஊருக்குப் போகேக்கை எல்லாம் கம்பிவேலி வரைக்கும் போறனான். பயத்தில வாய் திறக்கேல்லை. அப்ப என்ர உரிமை போயிட்டுதோ?"

ஆறுதலாக ஏதேனும் சொல்லியிருக்கலாம். "அந்தச் சட்டப்படி பார்த்தா, சொல்லியிருக்கணும்" என்றேன்.

"சரி, அடுத்தமுறை சொல்லுறன். ஆனா சென்றியில காவல் நிக்கிற சிங்கள ஆமிக்காரனுக்குத் தமிழ் விளங்காதே, ஐயா. ஆருக்குக் கேக்கச் சொல்லுறது?"

மனைவி இறந்தபின், வெறும் வீட்டில் அவளிடம் பேசிக்கொண்டிருந்த நான், அன்று மாலை அவரைப் போலவே என் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுத் திறந்தேன்.