ஸ்டோர் பால்

டவுன்காரர்களுக்கு ஸ்டோர் என்றால் கடை. எங்கள் தோட்டத்தில் ஸ்டோர் என்பது ரப்பர் தொழிற்சாலை. பாலை ஆசிட் ஊற்றி உறைய வைத்து, ஷீட்டாக உருட்டிப் புகை போடும் இடம். பால் என்றாலும் எங்களுக்கு மரத்துப் பால்தான். மாட்டுப் பால் அதற்கப்புறம். இது தெரியாத தமிழன் ஒருவன் இருப்பான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் புத்தி அன்றைக்கு எங்கே போயிருந்ததோ!

வெள்ளைக்காரன் ஆட்சியில், காட்டில் ஒளிந்த கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலம். நெகிரி செம்பிலானில் அப்போது எங்கே பார்த்தாலும் முள்கம்பிதான். மேட்டு லயத்து வரிசை வீடுகளில் இருந்த நாங்கள் காட்டுக்காரர்களுக்கு அரிசி கொடுப்போமாம். ஒரே வாரத்தில் எங்களைக் கீழே இறக்கி, டவுன் எல்லையில் வேலி போட்டு அடைத்தார்கள். எங்கள் நல்ல கிணறு மேட்டிலேயே நின்றுவிட்டது. அந்தப் பக்கம் போனால் சுடுவோம் என்று தமுக்கடித்துச் சொன்னார்கள். வேலிக்குள் எங்களுக்கென்று இருந்தது ஓர் ஓடை. அதன் மேல்பக்கத்தில் ஸ்டோர்.

தினமும் பதினொரு மணிக்கு மேல் ஸ்டோர் கழிவு கலந்து ஓடை வெளுக்கும். மறுநாள் காலையிலும் தெளியாது. அழுகின முட்டை நாற்றம். காய்ச்சினாலும் போகாது, துணியில் வடிகட்டினாலும் போகாது. வாளி வைத்துப் பிடிக்க மழையும் இல்லை. ஒரு மாதத்தில் பதினோரு பிள்ளைகள் வயிற்றுப்போக்கில் விழுந்தார்கள். அதில் ஒன்று என் மகள். ஒன்பது மாதம். காய்ச்சலில் என் மாரும் வற்றிப் போயிருந்தது. ஓடைத் தண்ணீரில் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தால் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவளுக்குத் தெரிந்தது டவுன் மன்றத்துக்குத் தெரியவில்லை.

லயத்துப் பெண்களில் ஆறாம் வகுப்பு வரை படித்தவள் நான் ஒருத்திதான். மனு எழுது என்றார்கள். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, சொன்னால் என்ன. "ஸ்டோரிலிருந்து வரும் பால் தண்ணி கெட்டு நாறுகிறது. அதனால் பதினோரு பிள்ளைகள் நோயில் கிடக்கிறார்கள். ஐயாமார் உடனே வழி செய்ய வேண்டும்." அழகாகத்தான் எழுதியிருந்தேன். மன்ற அலுவலகத்தில் எழுத்து வேலை பார்த்த தமிழ்க் கிராணி அதை இங்கிலீஷில் மாற்றி மேலே அனுப்பினார்.

எட்டாம் நாள் லாரி வந்தது. சட்டை மடிப்புக் கலையாத அதிகாரி ஒருவர் இறங்கினார். நான் கும்பிட்டேன். குழாய் போட அளக்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். லாரியிலிருந்து இறங்கியது பால் டின்கள். அவர் நீட்டிய தமிழ் நோட்டீசைப் படித்தேன். கடையில் விற்ற பால் தண்ணீராகக் கெட்டிருந்ததாம்; கடைக்காரரை எச்சரித்துவிட்டார்களாம்; பிள்ளைகளுக்கு மன்றமே நல்ல பால் கொடுக்கிறதாம். கேட்டில் நின்ற போலீஸ்காரர் ஒவ்வொரு டின்னிலும் ஆணியால் இரண்டு ஓட்டை போட்டுக் கொடுத்தார். காட்டுக்குக் கடத்த முடியாதபடி எந்த டின்னையும் அப்படித்தான் கொடுப்பார்கள். ஓட்டை விழுந்த டின்னை வைத்திருக்க முடியாது. கெடுவதற்குள் கரைத்தாக வேண்டும். எதில் கரைப்பது?

"ஐயா, பாலு இல்லைங்கய்யா, தண்ணி! ஸ்டோரு தண்ணி!" என்று கத்தினேன். தமிழ் தெரியாத அவருக்குத் தண்ணி மட்டும் புரிந்தது போல, சிரித்துக்கொண்டே தலையாட்டினார். தண்ணீர் ஊற்றித்தான் கலக்க வேண்டும் என்று கையால் கலக்கிக் காட்டிவிட்டு லாரியில் ஏறிப் போய்விட்டார்.

ஓடைத் தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்தேன். அந்தக் கட்டிப் பாலைக் கரைத்தேன். என் மகள் இந்த முறை முகத்தைத் திருப்பவில்லை. இனிப்பில் நாற்றம் தெரியவில்லை. நாலு நாளாகச் சரியாக எதுவும் குடிக்காத பிள்ளை, சங்கு சங்காக வாங்கிக் குடித்தாள். குடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

மூன்றாம் நாள் காலையில் போய்விட்டாள்.

புதைகாடு மேட்டில், பழைய கிணற்றுக்குப் பக்கத்தில். அன்றைக்கு மட்டும் கேட்டைத் திறந்து, ஆண்களில் நாலு பேரை விட்டார்கள். என் வீட்டுக்காரர் ஈரத் தலையோடு திரும்பி வந்தார். "கெணத்தடியிலதான் குளிச்சோம். தண்ணி அப்படியே இருக்கு. நல்லா இருக்கு," என்றார். அப்புறம் வாயில் துண்டை வைத்து அழுதார்.

ஒரு வாரம் கழித்து அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு நானே அந்தக் கிராணியைத் தேடிப் போனேன். மேசையைக் கவிழ்த்துவிடும் ஆத்திரத்தில்தான் போனேன். பார்த்தால் என் தம்பி வயதுதான் இருக்கும்.

"எந்த ஸ்டோருன்னு நெனச்சீங்க?" என்றேன். எங்கள் ஸ்டோர் எது, பால் எது என்று சொல்லச் சொல்ல அவர் முகம் வெளிறியது.

"அக்கா, நான் ரஹாங் டவுன்லயே பொறந்து வளர்ந்தவன். தோட்டத்தையே பார்த்ததில்ல. ஸ்டோருன்னா எனக்குக் கடைதான்லா," என்று நாக்கைக் கடித்துக்கொண்டார். "இப்பவே வேற மனு எழுதுறேன், நீங்க சொல்லுங்க."

இந்த முறை வார்த்தை வார்த்தையாகக் கேட்டு எழுதினார். கழிவு நீர், தொழிற்சாலை, ஓடை, கிணறு. பால் என்ற சொல்லை நான் வாயிலேயே எடுக்கவில்லை. கடைசியில் பழைய மனுவைப் பார்த்து, "நோயில கெடக்கிற பிள்ளைங்க பதினொன்னுதானே அக்கா?" என்றார்.

"பத்துன்னு போடுங்க."

"கொறஞ்சிருக்கா? நல்லதுலா," என்று எழுதினார். குறைந்தது எப்படி என்று சொல்ல வாயெடுத்தால் அங்கேயே அழுதுவிடுவேன் என்று பயந்து, அனுமதிச் சீட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மன்றத்தின் பதில் ஒரு மாதத்தில் வந்தது. கிராணியே வேலியோரம் வந்து, கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று தமிழில் படித்துச் சொன்னார். தொழிற்சாலை மன்றத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல, கம்பெனிக்கு எழுதிக்கொள்ளவும். கிணறு போலீஸ் விஷயம். அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி இருந்தது. மன்றம் பால் வழங்கிய பிறகு நோயுற்ற பிள்ளைகளின் எண்ணிக்கை பதினொன்றிலிருந்து பத்தாகக் குறைந்திருப்பதை அறிந்து மகிழ்கிறோம். ஆகவே பால் தொடர்ந்து அனுப்பப்படும்.