லயம் என்றால் வீடு

ஒருத்தி தன் வீட்டில் இருந்தபடி வேலை பார்க்க அனுமதி கேட்டாள். நான் அதைச் சங்கீதமாக மாற்றிச் சொன்னேன். தவறு என்று தெரிந்த பிறகும் திருத்தவில்லை. திருத்திவிட்டதாக அவளிடம் பொய்யும் சொன்னேன்.

இதுதான் நான் செய்தது. இனி வருவதெல்லாம் எப்படி நடந்தது என்பது மட்டுமே. ஏன் என்று கேட்டால்... கைதட்டினார்கள். நன்றாக இருந்தது. அவ்வளவுதான்!

எழுத உட்கார்ந்தால் அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டபின் கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பது போல இருக்கிறது. கன்னம் இருக்கிறது, ஆனால் என்னுடையதாக இல்லை. நீங்கள் என்னைத் திட்டினாலும் இப்போது அது கன்னத்தில் விழும், எனக்கு உறைக்காது.

நான் பாலக்காட்டுக் கல்பாத்தியில் பிறந்தவள். அப்பா வங்கியில் வேலை பார்த்தார், சாயங்காலம் வந்ததும் மிருதங்கத்தை எடுத்து வைத்துக்கொள்வார். மேடையேறும் அளவுக்கெல்லாம் இல்லை. ஆனால் லயம் என்ற சொல் எங்கள் வீட்டில் உப்பு, புளி போலப் புழங்கியது. அம்மா அடுக்களையில் கரண்டியைத் தட்டினால்கூட, "லயமே இல்லாம தட்டறயே" என்று அப்பா கேலி செய்வார். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், முதலில் நடந்த தவறு எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். மன்னிப்புக்காக அல்ல. முதல் தவறுக்கு யாரும் என்னைக் குற்றம் சொல்லமாட்டார்கள். அதுதான் என் சங்கடமே.

கொச்சியில் ஒரு கம்பெனியில் வேலை. வாடிக்கையாளர்கள் போன் செய்து குறை சொல்வார்கள், எங்கள் ஆட்கள் பதில் சொல்வார்கள். அந்த ஆட்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. முத்துச்செல்வி தமிழ் வாடிக்கையாளர்களிடம் பேசுகிறவள். ஒப்பந்த ஊழியர். ஊர் வண்டிப்பெரியார், தேயிலை எஸ்டேட். எவ்வளவு கத்துகிறவனையும் "சரிங்க சார், பாத்துருவோம்" என்று ஒரே குரலில் இறக்கிவிடுவாள். என்னை அக்கா என்பாள். அலுவலகத்தில் எல்லோரும் மேடம் என்னும்போது அவள் மட்டும் அக்கா என்பது எனக்குப் பிடித்திருந்தது. இப்போது அந்தச் சொல்லை யார் சொன்னாலும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அந்த வருஷம் மழைக்கு முன்னால் எங்களை எல்லாம் காந்தலூருக்குக் கூட்டிப் போனார்கள். மலைச்சரிவில் விடுதி, கீழே பூண்டுத் தோட்டம். வாசலில் பெரிய பேனர்: இன்ஸ்பிரேஷன், கனெக்‌ஷன். பெங்களூரிலிருந்து வந்த பயிற்சியாளர் செருப்பில்லாமல் நடந்தார். ஆளுக்கொரு மரத்தைக் கட்டிப்பிடிக்கச் சொன்னார். பிடித்தோம். எனக்கு வாய்த்தது ஒரு பிளம் மரம், நிறைய எறும்பு. உங்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கும் அன்று காலை வரை சிரிப்பாகத்தான் இருந்தது.

மத்தியானம் புல்தரையில் வட்டமாக உட்கார வைத்தார். ஒவ்வொருவரும் தனக்கு மிகவும் வேண்டிய ஒன்றைத் தாய்மொழியில் சொல்ல வேண்டும். பக்கத்தில் இருப்பவர் அதைக் கேட்டு ஆங்கிலத்தில் எல்லோருக்கும் சொல்ல வேண்டும். வேறு யாரும் குறுக்கே பேசக்கூடாது. முடிந்ததும் கண்ணை மூடி மௌனமாக இருக்க வேண்டும். வட்டத்தில் எங்கள் பெரிய அதிகாரியும் இருந்தார், மும்பைக்காரர். கேட்டதைக் கொடுக்கும் அதிகாரம் உள்ளவர். அது செல்விக்கும் தெரியும். அதனால்தான் அவள் மற்றவர்களைப் போல "தூக்கம் வேணும்", "பொறுமை வேணும்" என்று சொல்லாமல் நிஜமாகவே ஒன்றைக் கேட்டாள்.

"எனக்கு வேற ஒண்ணும் வேணாம். லயத்துல இருந்து வேலை பாக்கணும். எங்க லயம் எப்ப வேணா விழுந்துரும். அம்மா... அங்க..."

மேலே பேச முடியவில்லை. முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

பக்கத்தில் இருந்த என்னை வட்டம் முழுக்கப் பார்த்தது. நான் ஆங்கிலத்தில் சொன்னேன், லயம் என்ற சொல்லை மட்டும் அப்படியே வைத்து, ரிதம் என்று அர்த்தமும் சேர்த்து: "உள்ளே இருக்கும் லயத்திலிருந்து வேலை செய்ய ஆசைப்படுகிறாள். நம்முடைய லயம் எந்த நேரமும் குலைந்துவிடும் என்று பயப்படுகிறாள். அம்மாவை நினைத்துக்கொள்கிறாள்."

சொல்லும்போது என் குரல் கம்மியது. நடிப்பில்லை, நம்புங்கள். அப்பா, மிருதங்கம், கரண்டி எல்லாம் ஒரே சமயத்தில் வந்துவிட்டன. எஸ்டேட்டிலிருந்து வந்த இந்தப் பெண்ணும் நானும் ஒரே சொல்லுக்குள் இருக்கிறோம் என்று தோன்றியது. கனெக்‌ஷன்! பேனரில் எழுதியிருந்தது எனக்கு நிஜமாகவே கிடைத்தது. பொய்யான இடத்தில் கிடைத்தது, அவ்வளவுதான்.

ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது. லயம் விழுமா? தப்பும், குலையும்... விழாது. மிருதங்கம் வாசித்தவரின் மகளுக்கு இது தெரியாதா? அவள் 'விழுந்துரும்' என்றபோதே எனக்கு உறுத்தியது. ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். என் வாக்கியம் அழகாக வந்துகொண்டிருந்தது, அதனால் கேட்கவில்லை.

வட்டத்தில் மலையாளிகளும் இருந்தார்கள். கொச்சிக்காரர்கள், அவர்களுக்கும் லயம் என்றால் பாட்டுதான். ஒருவருக்காவது தெரிந்திருக்குமோ? தெரிந்தும் என்னைப் போலவே சும்மா இருந்தாரோ? கேட்டதில்லை.

மும்பைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பயிற்சியாளர் அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். பிறகு கைதட்டல்.

தேநீர் இடைவேளையில் செல்வி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். முகம் கழுவியிருந்தாள்.

"அக்கா, நீங்க ஏதோ ரிதம்னு சொன்னீங்க. நான் சொன்னது வீடுக்கா. எஸ்டேட்டுல ஒரே கூரைக்குக் கீழ வரிசையா வீடு இருக்கும்ல, அதத்தான் நாங்க லயம்னு சொல்லுவோம்."

என் கையில் கோப்பை இருந்தது. அதைக் கீழே வைத்தேன் என்று நினைக்கிறேன்.

"செவுரெல்லாம் வெடிச்சுக் கெடக்கு. அம்மாவுக்கு முட்டி போச்சு, வெரசா நடக்க முடியாது. மழை வலுத்தா கைப்பிடிச்சு வெளிய கூட்டியார ஆள் வேணும். பகல்ல அங்க ஒருத்தரும் இருக்க மாட்டாங்க, எல்லாம் கொழுந்து எடுக்கப் போயிரும். ஹாஸ்டல்ல கொண்டாந்து வச்சுக்கவும் முடியாது. அந்த மழைக்காலம் மட்டும் வீட்டுல இருந்து வேலை பாக்க விட்டாங்கன்னா போதும்."

"அய்யோ... மனசிலாச்சு."

"நானே போய் அந்த சார்ட்ட சொல்லிரவாக்கா?"

இங்கேதான்... இந்த இடத்தில்தான் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். அவள் போய்ச் சொல்லியிருப்பாள். எல்லோரும் கொஞ்சம் சிரித்திருப்பார்கள், எனக்கு ஒரு வெட்கம், அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் நான் சொன்னது இது: "நீ ஒண்ணும் பேசண்டாம், கேட்டயா. இப்போ போய்ச் சொன்னா நோக்குத்தான் சங்கடம். நானாக்கும் தப்பாச் சொன்னது, நானே சொல்லிக்கறேன்."

அவள் என் கையைப் பிடித்து, "சரிக்கா" என்றாள். வாடிக்கையாளரை இறக்கிவிடும் அதே குரல்.

சாயங்காலக் கூட்டத்தில் மும்பைக்காரர் எழுந்து, தான் களைத்துப் போய் வந்ததாகவும் ஒரு சொல் தன்னை எழுப்பிவிட்டதாகவும் சொன்னார். இனி எங்கள் குழுவின் பெயரே லயம். கொச்சியில் கட்டிக்கொண்டிருந்த புதிய கூட்ட அறைக்கும் அதே பெயர். பிறகு என்னை எழுந்து நிற்கச் சொன்னார். செல்வியை அல்ல, என்னை. "இந்தச் சொல்லை எங்களுக்குக் கொடுத்தவர்" என்றார். ஊழியர் நலனுக்குப் புதிதாக ஒரு பொறுப்பு உண்டாக்கப்போவதாகவும் அதற்கு ஆள் கிடைத்துவிட்டதாகவும் சொன்னார்.

ஊழியர் நலன்!

நான் எழுந்து நின்றேன். செல்வி பின்வரிசையில் இருந்தாள். நான் இப்போது சொல்லிவிடுவேன் என்று நினைத்திருப்பாள் போல, நிமிர்ந்து உட்கார்ந்தாள். நான் கைகூப்பி, நன்றி சொல்லி, உட்கார்ந்துவிட்டேன்.

அந்தச் சொல்லைத் தொடாமலேயே அவளுக்காகக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். பொறுப்பே என் கையில் இருந்ததே என்பீர்கள். உண்மைதான். ஆனால் எதற்காக என்று கேட்பார்கள். வீட்டுக்காக என்பேன். என்ன வீடு என்பார்கள். லயம் என்று சொல்ல வேண்டியிருக்கும். அதற்குள் எல்லோருக்கும் அந்தப் பெயர் போட்ட பனியன் வந்துவிட்டது. அறைக் கதவின் கண்ணாடியில் தமிழிலும் மலையாளத்திலும் எழுத்து ஒட்டிவிட்டார்கள். தினமும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனேன்.

சில வாரம் கழித்துப் படிக்கட்டில் செல்வி கேட்டாள்: "சொன்னீங்களாக்கா?"

"சொன்னேன். பாக்கலாம்னு சொல்லியிருக்கார்."

எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா? மூச்சு விடுவது போல வந்தது. மழை பிடித்தபின் மறுபடியும் கேட்டாள். "ஒத்துக்கலை, செல்வி" என்றேன். வருத்தமான முகம் வைத்துக்கொண்டேன். அவள்தான் எனக்கு ஆறுதல் சொன்னாள். "விடுங்கக்கா, பெரிய எடம்."

போன் வந்த அன்று நாங்கள் அந்த அறையில்தான் இருந்தோம். ஏதோ ஒரு கூட்டம். வெளியே நல்ல மழை. செல்வி போனைக் காதில் வைத்தாள், கேட்டாள், எடுத்தாள். என்னைப் பார்த்து, "அக்கா, லயம் விழுந்துருச்சு" என்றாள்.

பக்கத்தில் இருந்த புதுப் பையன் திரும்பிக் கதவைப் பார்த்தான். எழுத்து ஒட்டிய இடத்தில் அப்படியே இருந்தது. "இல்லையே, இருக்கே" என்றான். அவன் மேல் தவறில்லை.

பகல் நேரம். அவள் சொன்னது போலவே எல்லோரும் கொழுந்து எடுக்கப் போயிருந்தார்கள். மத்தியானச் சோற்றுக்கு வந்தவர்கள்தான் சுவரைப் புரட்டி அந்த அம்மாவை எடுத்தார்கள். உயிர் இருந்தது. இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பவில்லை.

செல்வி அதற்குப் பிறகு வேலைக்கு வரவில்லை.

மழை விட்டபின் நான் வண்டிப்பெரியார் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். பஸ்ஸில் வழிநெடுக வாக்கியங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டேன். கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு வாடகை அறை. கட்டிலில் அந்த அம்மா. செல்வி குனிந்து சத்தமாகச் சொன்னாள்: "ஆபீஸ்ல எனக்காகப் பேசுனாங்கல்லம்மா, அந்தப் பாலக்காட்டு அக்கா."

அந்த அம்மா என் கையைத் தேடிப் பிடித்தார். "எம்புள்ளைக்காகப் பேசுனீங்களாம்மா. அதுக்கே ஒரு மனசு வேணும். உக்காருங்க, டீ குடிங்க."

உட்கார்ந்தேன். டீ குடித்தேன். இஞ்சி போட்டிருந்தது.

பஸ் நிறுத்தம் வரை செல்வி கூட வந்தாள். தோட்டத்து மருத்துவமனையில் ஏதாவது வேலை கிடைக்குமா என்று கேட்டிருப்பதாகச் சொன்னாள். நான் வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள். "அவங்க தரலேன்னா நீங்க என்னக்கா பண்ணுவீங்க? அம்மா உங்களப் பாக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. வந்தீங்களே, அது போதும்."

"அம்மாவைப் பாத்துக்கோ" என்றேன். பஸ் வந்தது. ஏறிவிட்டேன். ஜன்னலோர இருக்கை கிடைத்தது, அது எனக்கு அப்போது ஒரு சந்தோஷமாகக்கூட இருந்தது. இதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னும் அதே கம்பெனியில்தான் இருக்கிறேன். வருஷாவருஷம் காந்தலூர் போகிறோம். புதிதாகச் சேர்ந்தவர்களைப் புல்தரையில் உட்காரவைத்து, அந்தச் சொல் எங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று நான்தான் கதை சொல்ல வேண்டும். எஸ்டேட்டிலிருந்து வந்த ஒரு பெண், உள்ளத்தின் லயம், அம்மாவின் நினைவு... நன்றாகச் சொல்கிறேன். சிலர் அழுகிறார்கள். இப்போதெல்லாம் என் குரல் கம்முவதில்லை.

யாரிடமாவது சொல்லிவிட்டால் கொஞ்சமாவது இறங்கும் என்று நினைத்துத்தான் உங்களிடம் சொன்னேன். இறங்கவில்லை. சொல்ல வேண்டியது உங்களிடம் இல்லையே! அவள் எண் என்னிடம் இருக்கிறது. தீபாவளிக்கு வாழ்த்து அனுப்புகிறாள். நானும் அனுப்புகிறேன்.

அந்தக் கூட்ட அறை என் இருக்கைக்கு நேர் எதிரே. தினமும் யாராவது வந்து கதவில் கை வைத்தபடி என்னைக் கேட்கிறார்கள்.

"மேடம், லயம் காலியா?"

நான் திரையிலிருந்து தலை நிமிர்த்துவதில்லை.

"காலியாத்தான் இருக்கு" என்கிறேன்.