கவிழ்ந்த லாரிக்கு ரசீது

பள்ளத்தில் கவிழ்ந்த லாரியைத் தூக்கி ரோட்டில் நிறுத்துவது என் தொழில். எண்பதுகளில் தொப்பூர் கணவாயில் அதற்கு ஓய்வே கிடையாது. ராணுவ ஏலத்தில் எடுத்த பழைய வண்டியில் கிரேன் பொருத்தி, அதியமான்கோட்டையில் ஷெட் போட்டிருந்தேன். முதலாளியும் நானே, டிரைவரும் நானே. மாதச் சம்பளக்காரருக்கு வரியை ஆபீசிலேயே பிடித்துக்கொள்கிறார்கள். நம்மைப் போலச் சொந்தத் தொழில் செய்கிறவர்கள்தான் சம்பாதித்ததையும் நிரூபிக்க வேண்டும், சம்பாதிக்காததையும் நிரூபிக்க வேண்டும். பட்டவர்களுக்குத் தெரியும்.

நாற்பது பக்க நோட்டு

வருமான வரி நோட்டீஸ் வந்ததும் தருமபுரியில் ஒரு ஆடிட்டரிடம் போனேன். என்னிடம் இருந்தது ஒரு நாற்பது பக்க நோட்டு. லாரி நம்பர், எந்த வளைவு, வாங்கிய கூலி, அவ்வளவுதான். டீசல், அறுந்துபோன இரும்புக் கயிறு, கூட நின்று இழுத்த ஆட்களுக்குக் கொடுத்தது எதற்கும் பில் இல்லை. ஆடிட்டர் பொறுமையான மனிதர். நோட்டை இரண்டு முறை புரட்டினார்.

"வரவு மட்டும் எழுதியிருக்கீங்க சவரிமுத்து. இதைக் கொடுத்தா நீங்க செலவே இல்லாம லாரி தூக்கினதா ஆயிடுமுங்க."

கையெழுத்து

அவர் சொன்னபடி செலவுக்கெல்லாம் பில் வாங்கி வைத்தேன், வரவுக்கு ரசீது புத்தகம் அச்சடித்தேன். கூலி கொடுப்பவரிடம் கையெழுத்தும் வாங்கச் சொல்லியிருந்தார். முதல் ரசீது, புளி ஏற்றி வந்த கர்நாடக லாரிக்கு. வண்டியை நிமிர்த்தி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. சரக்கை விட்டு நகர மாட்டேன் என்று டிரைவர் ஓரக்கல்லிலேயே உட்கார்ந்திருந்தார். இடது கையால் கூலியை எடுத்துக் கொடுத்தார். பேனாவை நீட்டிய பிறகுதான், துண்டில் கட்டித் தொங்கிய அவருடைய வலது கை என் கண்ணில் பட்டது. அவர் கோபப்படவில்லை.

"கை முறிஞ்சு போச்சுங்க அண்ணா. ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்து போட்டுக் கொடுக்கட்டுங்களா?"

ஆபீசர் கேட்ட கடிதம்

மறு வருஷம் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். ஆபீசர் சின்ன வயதுக்காரர், அதிர்ந்து பேசாதவர். என் கிரேன் போன விபத்துகளின் பட்டியல் ஒன்று இன்சூரன்ஸ் வழியாக அவர் கைக்கு வந்திருந்தது. என் ரசீதுகளோடு ஒவ்வொன்றாக ஒத்துப்பார்த்தார். ஒன்றுக்கு மட்டும் ரசீது இல்லை.

பாப்பிரெட்டிப்பட்டிக்காரர் ஒருவர், கடன் வாங்கிச் சொந்தமாக லாரி எடுத்து அவரே ஓட்டியவர். லாரி கவிழ்ந்து கேபினுக்கு அடியில் சிக்கி இறந்துபோனார். கேபினைத் தூக்கி உடலை எடுத்துக் கொடுத்தேன். அதற்குப் போய் யாரிடம் கூலி கேட்பது? வாங்கவில்லை என்றேன். அப்படியானால் அந்தக் குடும்பத்திடம் ஒரு கடிதம் வாங்கி வரச் சொன்னார். நான் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"நான் உங்களை நம்பறேங்க. எனக்கு மேல இருக்கறவர் பேப்பர் கேப்பாருங்க."

பாப்பிரெட்டிப்பட்டி

பஸ் பிடித்துப் போனேன். இறந்தவரின் மனைவி வாசலில் நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தார். பேரைச் சொன்னதும் அடையாளம் தெரிந்துகொண்டு, உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தார். நான் வாய் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார். கிரேன் கூலியை மறக்கவில்லையாம். மரவள்ளிக் கிழங்கு பிடுங்கியதும் கொண்டுவந்து கொடுப்பதாக இருந்தாராம். லாரிக் கடன்காரர்கள் முந்திக்கொண்டதால்தான் தாமதமாம்.

தர வேண்டியது எதுவும் இல்லை என்று மூன்று தடவை சொன்னேன். கடிதத்தைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தேன். வாசல்வரை கூடவே வந்தவர் கேட்டார்:

"அப்புறம் எதுக்குங்க இவ்வளவு தூரம் வந்தீங்க?"

திரும்பி வந்து, அதையும் கூலியாகவே சேர்த்து எழுதிவிடும்படி ஆடிட்டரிடம் சொன்னேன். இத்தனை வருஷத்தில் நான் முணுமுணுக்காமல் கட்டிய வரி, வாங்காத அந்தக் கூலிக்குக் கட்டியது ஒன்றுதான்.