ரேவதியின் முழங்காலுக்காக நான் செய்யாத ஜெபம்

முதலில் என்னை மன்னித்துவிடுங்கள். இந்தப் பத்திரிகையின் சாட்சிப் பக்கத்தில் எழுதுகிறவர்கள் பெரிய வியாதியிலிருந்தும் விபத்திலிருந்தும் தப்பி வந்தவர்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். மாமல்லபுரம் போகிற சாலையில் ஒரு ஓட்டலில் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தேய்க்கிற வேலை. பதினாறு வருடமாகச் சபையில் பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் உட்காருகிறேன். ஒருநாளும் எழுந்து சாட்சி சொன்னதில்லை. இப்போது எழுதுவதும் ஒரு பந்து விளையாட்டைப் பற்றித்தான். போதகர் ஐயா சொன்னதால் எழுதுகிறேன். அதிகப்பிரசங்கித்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் ஜென்சி செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில் மூன்றாம் வருடம் படிக்கிறாள். பாஸ்கெட்பால் அணிக்கு அவள்தான் கேப்டன். அவர்களுக்கும் திருப்போரூர் பக்கத்துக் கல்லூரி ஒன்றுக்கும் ரொம்ப வருடமாகப் போட்டி. ஒவ்வொரு வருடமும் கடைசி ஆட்டத்தில் இந்த இரண்டு கல்லூரிகள்தான் மோதும். ஜென்சி சேர்ந்த முதல் வருடம் தோற்றார்கள். இரண்டாம் வருடம் ஒரே ஒரு புள்ளியில் தோற்றார்கள். அன்று கடைசி நொடியில் ஜென்சி கைக்குத் தனியாகப் பந்து கிடைத்தது. போட்டிருந்தால் ஜெயித்திருப்பார்கள். வளையத்தில் பட்டு வெளியே விழுந்துவிட்டது. வீட்டுக்கு வந்து ஒரு மாதம் பந்தையே தொடவில்லை. சாப்பிடும்போது திடீரென்று தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போவாள். அதைப் பார்த்த தாய்க்குத்தான் தெரியும்.

இந்த வருடம் அவளுக்குக் கடைசி. பிப்ரவரி மாதம் ஒரு சனிக்கிழமை செங்கல்பட்டில் ஆட்டம் என்று முடிவானது. நான் அதிகாலையில் எழுந்து தரையில் விழுந்து அழுது ஜெபித்தேன். என் பிள்ளை ஒரே ஒரு தரம் ஜெயிக்க வேண்டும். வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

எங்கள் சபை வாசலில் ஒரு ஜெபப் பெட்டி உண்டு. யார் வேண்டுமானாலும் தங்கள் தேவையைச் சீட்டில் எழுதிப் போடலாம். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் ஆளுக்கு ஒரு சீட்டு எடுப்போம். வெளியே சொல்லாமல் ஒரு வாரம் அதற்காக ஜெபித்து, அடுத்த வெள்ளிக்கிழமை எழுந்து நின்று ‘ஜெபித்தேன்’ என்று சொல்லித் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆட்டத்துக்கு எட்டு நாள் முன்பு நான் எடுத்த சீட்டு ஒரு மருந்துக்கடைக் கவரைக் கிழித்து எழுதியது. மேலே ஒரு மீன் செதில் ஒட்டியிருந்தது.

‘ஏசு சாமிக்கு. எம் பொண்ணு ரேவதிக்கு முட்டி வீங்கிப் போச்சு. வர்ற சனிக்கெழமைக்கு அடுத்த சனிக்கெழம ஆட்டம் கீது. அதுக்குள்ள நல்லா ஆவணும். யாரு படிச்சாலும் வேண்டிக்கோங்க.’

ரேவதி அந்தத் திருப்போரூர்க் கல்லூரியின் கேப்டன். போன வருடம் எங்களைத் தோற்கடித்தவள் அவள்தான். அவளும் ஜென்சியும் பள்ளிக்கூடத்தில் ஒரே அணியில் ஆடியவர்கள். அவள் அம்மா செல்வி கடலோரக் குப்பத்தைச் சேர்ந்தவள். தினமும் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிறவள். கடலோரத்து அம்மன் கோவிலுக்குப் போகிறவள், எங்கள் பெட்டியை நம்பிச் சீட்டுப் போட்டிருக்கிறாள்.

நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஜெபிக்காமல் இருந்தேன் என்றால்கூடப் பரவாயில்லை. ஜெபித்தேன். ‘ஆண்டவரே, உமக்குச் சித்தமானால் அந்தப் பிள்ளையைச் சுகமாக்கும்’ என்று ஒரே வரி. அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. என் மகளுக்காக ஒரு மணி நேரம் மன்றாடும்போது ‘சித்தமானால்’ என்ற வார்த்தை என் வாயில் வந்ததே இல்லை. ரேவதிக்கு மட்டும் அதைச் சொன்னேன். அது பக்தி இல்லை. சித்தமாகாமல் போகட்டும் என்று ஆண்டவருக்கு நான் வழி காட்டினேன். வேதாகமத்தைத் திறக்கும்போதெல்லாம் சீட்டு கண்ணில் பட்டதால் எடுத்து டிவிக்கு அடியில் வைத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை செல்வி வந்தாள். மீன் கூடையை இறக்கும்போதே சொன்னாள். “ஜென்சிம்மா, டாக்டரு மூணு வாரம் ஓடக் கூடாதுன்னுட்டாரு. புள்ள அழுதுகினு கெடக்குது.”

“ஐயோ பாவம்” என்றேன். உள்ளே எனக்கு லேசாக இருந்தது. சந்தோஷம் என்றே எழுதிவிடுகிறேன். மறைத்து என்ன ஆகப்போகிறது?

புதன்கிழமை அவள் ஒரு கூறு சங்கரா மீனை ஆய்ந்து, தனியாக ஒரு கவரில் போட்டு என் கையில் கொடுத்தாள்.

“நான் கேக்கலியே அக்கா.”

“உனுக்கு இல்ல. உங்க சர்ச்சுல எவளோ ஒருத்தி எம் பொண்ணு முட்டிக்கோசரம் முட்டி போட்டுனு கீறா இல்ல? அவளுக்கு வலிக்காதா? யாருன்னு வெசாரிச்சி குடுத்துடு.”

“வீக்கம் கொறஞ்சிதா?”

“எங்க கொறஞ்சிது! அப்பிடியேதான் கீது. அதுக்கின்னா, அவ வேண்டிக்கினுதானே கீறா. மீனு நல்ல மீனு, கெட்டுப்போவறதுக்குள்ள குடு.”

நான் வாங்கிக்கொண்டேன். யாரிடம் கொடுப்பேன்? குழம்பு வைத்தேன். ஜென்சி பயிற்சி முடித்து வந்து மூன்று துண்டு சாப்பிட்டாள். “செல்வி ஆன்ட்டி மீனா? எதுக்கும்மா சும்மா குடுத்தாங்க?” என்று கேட்டாள். நான் அடுப்பைத் துடைப்பதுபோல் திரும்பி நின்றேன். அந்தக் குழம்பை நான் வாயில் வைக்கவில்லை.

அன்று நான் ஜெபிக்க முழங்கால் போட்டபோது என் மகளின் பெயரைக்கூடச் சொல்ல முடியவில்லை. ‘ஆண்டவரே, அந்தப் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை வரவில்லை. அந்த ஆசையை நீர்தான் எனக்குத் தர வேண்டும்’ என்று மட்டும் கேட்டேன்.

வியாழக்கிழமை வேலை முடிந்து சீட்டை எடுத்துக்கொண்டு குப்பத்துக்குப் போனேன். வழியெல்லாம் திரும்பிவிடலாமா என்றிருந்தது. வாசலில் ரேவதி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கவிழ்த்த அன்னக்கூடையின் மேல் காலை நீட்டி, மீன் பெட்டி ஐஸைத் துணியில் சுற்றி முழங்காலில் வைத்திருந்தாள். செல்வி வலை நாற்றத்தோடு கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். சீட்டை நீட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். செவ்வாய்க்கிழமை வந்த சந்தோஷத்தையும் சொன்னேன்.

செல்வி இடுப்பில் கை வைத்தாள்.

“அடிப்பாவி! என் சங்கராவையும் துண்ணுட்டியா?”

“நான் தொடலக்கா. ஜென்சிதான்...”

“அவளா! எம் பொண்ணை செயிக்கிறதுக்கு எம் மீனே அவளுக்குத் தெம்பா?”

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “நீ போற சர்ச்சுன்னு நம்பிதானே சீட்டு போட்டேன்” என்றாள். நான் கிளம்பத் திரும்பினேன்.

“எங்க போற? குந்து. இப்போ பண்ணு. என் எதுருலயே பண்ணு. வாய் தொறந்து பண்ணு, நானும் கேக்கறேன்.”

பிறர் கேட்க நான் ஜெபித்ததே கிடையாது. பக்கத்து வீட்டுப் பெண்கள் வேறு எட்டிப் பார்த்தார்கள். ஐஸை எடுத்துவிட்டு ரேவதியின் முழங்காலில் கை வைத்தேன். குளிர்ந்து போயிருந்தது, உள்ளே மட்டும் சூடு. ‘ஆண்டவரே, இந்தப் பிள்ளை சனிக்கிழமை ஓட வேண்டும். வலியில்லாமல் ஓட வேண்டும்’ என்றேன். ‘சித்தமானால்’ என்று சொல்லவில்லை. சொல்லச் சொல்ல அழுகை வந்துவிட்டது. பிரியமானவர்களே, அந்த நேரத்தில் நான் நிஜமாகவே அதை விரும்பினேன். நான் கேட்ட ஆசையை ஆண்டவர் கொடுத்திருந்தார். எப்போது கொடுத்தார் என்று எனக்குத் தெரியாது.

ரேவதி என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஆன்ட்டி, ஜென்சிக்கும் சேத்துப் பண்ணுங்க. கடைசி நேரத்துல அவளுக்கு கை நடுங்கும்” என்றாள்.

“ஏய், வாய மூட்றீ” என்றாள் செல்வி. அப்போதுதான் சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை காலை செல்வி மீன் இல்லாமல் தெருவுக்கு வந்தாள். “வீக்கம் வத்திப்போச்சு ஜென்சிம்மா. மடக்கறா, நீட்டறா!” என்று வாசலிலேயே கத்தினாள். முன்பு ஓடக் கூடாது என்ற அதே டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, பட்டை கட்டிக்கொண்டு ஆடலாம் என்று சொல்லிவிட்டாராம். அன்று உபவாச ஜெபத்தில் என் முறை வந்ததும் எழுந்து நின்றேன். ‘ஜெபித்தேன்’ என்று சொல்லாமல், ‘ஆறு நாள் ஏமாற்றினேன்’ என்று சொன்னேன். யாரும் என்னைத் திட்டவில்லை. அதுவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அன்றிலிருந்து ‘சித்தமானால்’ என்று சொல்லும்போது யாருக்காகச் சொல்கிறேன் என்று நின்று பார்க்கிறேன். செல்வியைப் பார்த்தால் இன்னமும் எனக்கு முகம் சூடாகிறது. அது போக வேண்டாம் என்றுதான் வைத்திருக்கிறேன். உங்களில் யாருக்காவது ஒருவருக்கு நன்மை கேட்க மனம் வராமல் இருந்தால், வராததையே ஆண்டவரிடம் சொல்லுங்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. எனக்குச் செய்தவர் உங்களுக்கும் செய்வார்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு மறுநாள் ஆட்டம் நடந்தது. ரேவதி கடைசி வரை ஆடினாள். ஜென்சியின் கல்லூரி நான்கு புள்ளியில் தோற்றது. இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வீட்டுக்கு வந்தார்கள்.