மாமியார் கோழியின் முதுகு

எங்கள் தெருவில் சாவிக்காரர் என்றால் எல்லோருக்கும் தெரியும். கடைவீதியில் மாடிப்படிக்குக் கீழே, ஒரு ஆள் குனிந்து உட்காரும் அளவுக்கு ஒரு கடை. சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் நிற்கிறவர்கள் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. பூட்டு திறந்துகொண்டதும் கதவைத் தள்ள மாட்டார். தெருப்பக்கம் திரும்பி நின்றுகொண்டு, "உங்க வீடு, நீங்க போங்க" என்பார். அடுத்தவர் வீட்டுக்குள் கண் போகக் கூடாது என்பது அவருக்குச் சாமி கும்பிடுவது மாதிரி. அதனால் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் எல்லோரும் அப்படியே நம்புவார்கள். வினையும் அதனால்தான் வந்தது.

எங்கள் கொல்லைக்கும் அவர் கொல்லைக்கும் நடுவில் இடுப்பளவு சுவர்தான். அந்தப் பக்கம் ஏழெட்டுக் கோழிகள். பேர் வைத்தது அவர் மகள். எல்லாவற்றுக்கும் பெரியது மாமியார். அது தின்று முடித்து, அலகைத் தரையில் துடைத்த பிறகுதான் மற்றவை கிட்டே வரும். அடுத்த இடம் நாத்தனாருக்கு. இப்படியே போய்க் கடைசியில் சாம்பல் நிறத்தில் ஒன்று. அதற்குப் பேர் வைக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. சாம்பல் என்றே கூப்பிட்டார்கள். எல்லாவற்றிடமும் கொத்து வாங்கிக்கொண்டு, மீந்ததைப் பொறுக்கித் தின்னும். ஆனால் ரத்தம் என்று நான் பார்த்ததில்லை. ஒரு கொத்து, ஒரு விலகல், அதோடு சரி.

சாவிக்காரருக்குத்தான் மனசு கேட்கவில்லை. "திங்கறதுலகூட ஒரு அதிகாரமா? இருக்கட்டும், இதுக்கு ஒரு பாடம் சொல்லித் தரேன்" என்று மாமியாரைப் பிடித்து, முன்னால் சைக்கிள் நிற்கும் அறையில் கூடை போட்டுக் கவிழ்த்துவிட்டார்.

"மாமியார உள்ள தள்ளியாச்சு. இனிமே வீட்ல நிம்மதிதான்" என்று அவர் மனைவி சிரித்தார்.

எங்கே நிம்மதி? இனி யார் பெரியவள் என்று கொல்லையில் தினமும் இறகு பறந்தது. ஒரு வாரத்துக்கு மேல் கழித்து, "போதும், புத்தி வந்திருக்கும்" என்று மாமியாரை மற்றவற்றோடு விட்டுவிட்டு அவர் கடைக்குப் போனார். சாயங்காலம் வந்து பார்த்தால், அது வேலி மூலையில் ஒண்டிக் கிடக்கிறது. முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு இறகே இல்லை. தோல் சிவந்து, வெந்து போன மாதிரி இருந்தது.

அவருடைய தம்பி கப்பல் வேலையில் இருந்தார். தம்பி மனைவி, பள்ளிக்கூடம் போகும் சின்னப் பெண்ணோடு இவர்கள் வீட்டின் பின்னறையில் இருந்தாள். அந்த வீட்டில் முதலில் எழுவதும் அவள்தான், கடைசியில் சாப்பிடுவதும் அவள்தான். முன்பு ஒருநாள் மாமியார் அந்தக் குழந்தையின் காலைக் கொத்திவிட, அவள் துடைப்பத்தோடு அதைத் துரத்தியிருந்தாள்.

கோழியின் முதுகைப் பார்த்த அன்றைக்கு அவள் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். மனைவியும் மகளும் பின்வாசலில் இருக்க, சாவிக்காரர் அவளிடம் போனார்.

"ஏம்மா, கொதிக்கிற தண்ணிய எங்க ஊத்துன?"

"சாக்கடைலதான் மாமா. ஏன்?"

"பாத்து ஊத்தக் கூடாதா? இல்ல, பாத்துத்தான் ஊத்துனியா?"

அவள் துணியை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். "நான் ஊத்தல மாமா."

சாவிக்காரர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. "வாயில்லா ஜீவன்மா அது. உன் கோபத்த அதுகிட்ட காட்டாத" என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவர் சொன்னதுதான் தாமதம். "அன்னைக்குத் துடைப்பத்த எடுத்தப்பவே நெனச்சேன்" என்றார் மனைவி. "சித்திகிட்ட வெந்நி கேக்கவே பயமா இருக்கும்மா" என்றாள் மகள். மறுநாளிலிருந்து, "அடுப்ப நான் பாத்துக்கறேன், நீ பாத்திரத்த மட்டும் தேய்" என்று ஆயிற்று. போகிற போக்கில் ஆளுக்கொரு சொல். மகள் விளையாட்டாக, "உங்கம்மா என்னையும் வேக வச்சிருவாங்களாடி?" என்று கேட்கப்போய், அந்தக் குழந்தை சோற்றுத் தட்டை வைத்துவிட்டு அழுதது.

அன்றைக்குத்தான் தம்பி மனைவி சொன்னாள்: "ஞாயித்துக்கெழம எங்கம்மா வீட்டுக்குப் போறேன்க்கா. இனி இங்க வரல." குழந்தையின் படிப்பு என்ன ஆகும், கப்பலில் இருப்பவருக்கு யார் பதில் சொல்வது என்று யாரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. சாவிக்காரர் கோழிக்கூண்டுக்குத் தாழ்ப்பாள் மாட்டிக்கொண்டிருந்தார். முதுகுக்குப் பின்னால் ஒரே கூச்சல். திரும்பினார். நான் சுவருக்கு இந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். அவர் பார்த்ததை நானும் பார்த்தேன்.

மாமியாரின் முதுகின் மேல் ஏறி நின்றது சாம்பல். எதற்காக இவ்வளவும் செய்தாரோ, அதே சாம்பல். அந்தச் சிவப்பையே குறிவைத்துக் கொத்தியது. அது இறங்கியதும் நாத்தனார் ஏறியது. மற்றவை சுற்றி நின்றன. கீழே கிடந்த மாமியார் கத்தக்கூட இல்லை.

திருப்புளி அவர் கையிலிருந்து விழுந்தது. ஓடிப்போய் அதைத் தூக்கிக்கொண்டார். "சாம்பலா? சாம்பலா இப்படி?" என்றார். அப்புறம் என்னைப் பார்த்துவிட்டார்.

"நீங்களும் பாத்தீங்களா?"

"பாத்தேன் அண்ணே."

"வெளிய எடுத்துத் திரும்ப விட்டது நான். கொத்துனது இதுங்க. பழிய எங்க கொண்டுபோய்ப் போட்டேன், பாத்தீங்களா?" என்றார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. நானும் திரும்பிக்கொண்டேன்.

சிவப்பு தெரியாமல் இருக்க, ஊதா மருந்தை எடுத்து வந்து கோழியின் முதுகு முழுக்கத் தடவினார். தடவி முடித்தும் எழுந்திருக்கவில்லை. உள்ளே பெட்டி மூடும் சத்தம் கேட்டது.

அவர்கள் சமையலறையில் பேசினால் எங்களுக்குக் கேட்கும்.

"கையெல்லாம் என்னங்க ஊதாவா?" என்றார் மனைவி.

"கோழிக்கு மருந்து." அப்படியே தம்பி மனைவியைக் கூப்பிட்டார். "அந்தக் கோழி மேல யாரும் தண்ணி ஊத்தல. கோழிங்களே கொத்தியிருக்கு. என் கண்ணால பாத்தேன். எல்லாரையும் வச்சுக்கிட்டு உன்ன சொன்னேன்மா. எல்லாரையும் வச்சுக்கிட்டே சொல்றேன், தப்பு என்னோடது."

மனைவி, "அது... பாத்தா அப்படித்தான இருந்துச்சு" என்று இழுத்தார்.

"நீ சும்மா இரு" என்றார் அவர்.

அப்புறம்தான் தம்பி மனைவியின் குரல் வந்தது. அழுகை இல்லை. "ஊத்தலன்னு அன்னைக்கே சொன்னேன் மாமா."

அவ்வளவுதான் சொன்னாள். அன்றைக்கு அவள் ஊருக்குப் போகவில்லை. குழந்தையின் பள்ளிக்கூடத்துக்காக இருந்துவிட்டாள். அடுப்பும் திரும்ப அவளிடமே வந்தது. மகள் சித்தியிடம் தானாகவே போய் வெந்நீர் கேட்கிறாள். சாமி புண்ணியத்தில் மாமியாருக்கும் இறகு முளைத்துவிட்டது. இப்போது அதுதான் கடைசியில் தின்கிறது.

ஆனால் மறுவாரமே பின்னறைக் கதவில் ஒரு புதுப் பூட்டு தொங்கியது. அவள் வேறு கடையில் வாங்கியது. சாவிக்காரர் வீட்டில், சாவிக்காரரிடம் வாங்காத பூட்டு. ஒரு கம்பி போதும், கண்மூடித் திறப்பதற்குள் அதை அவர் திறந்துவிடுவார். அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு போகிறார்.

மழை பிடித்ததிலிருந்து அந்தப் பூட்டு இறுகிப்போய், காலையில் அவள் திறக்கும்போது கரகரக்கிறது. பூட்டு கரகரத்தால் அவருக்குச் சோறு இறங்காது. எண்ணெய் விடட்டுமா என்று கேட்க வாய் வரவில்லை போலிருக்கிறது. நேற்று எண்ணெய்ப் புட்டியை மட்டும் அவள் ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுக் கடைக்குப் போனார்.

இன்று காலையிலும் பூட்டு கரகரத்தது. புட்டி வைத்த இடத்தில் வைத்தபடியே இருக்கிறது.