கீழ் வீட்டுக்கு வாங்கிய பகல்

இந்த நாட்டில் சுவிட்சை மேலே தள்ளினால்தான் விளக்கு எரியும். நம் ஊரில் கீழே அழுத்த வேண்டும். கனடாவுக்கு வந்து பிள்ளைகள் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டார்கள். என் கை மட்டும் இன்னும் கீழேதான் அழுத்துகிறது. எரியாது. உடனே கரண்ட் போய்விட்டது என்று நினைத்து, எதிர்வீட்டில் எரிகிறதா என்று எட்டிப் பார்ப்பேன். அங்கே ஜெகஜ்ஜோதியாக இருக்கும். மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். கரண்ட் போகாத ஊரில் கரண்ட் போனதாக நம்புகிற ஒரே ஆள் நான்தான் என்பாள்.

சென்ற குளிர்காலத்துக்கு முன்னால் வீட்டின் பேஸ்மென்டைச் சீர்செய்ய ஆரம்பித்தோம். மேற்கூரையில் விளக்குப் பதிக்க மனுவேல் என்ற எலக்ட்ரீஷியன் வந்தார். போர்த்துக்கல்லிலிருந்து வந்தவர், என் ஆங்கிலமும் அவர் ஆங்கிலமும் நடுவழியில் எங்கோ சந்தித்துக்கொள்ளும். "ஃபால் சீலிங் வேண்டும், அதில் விளக்கு வேண்டும்" என்றேன். அவர் பதறிப்போய் டார்ச்சை அடித்து மேலே பார்த்தார். எப்போது விழுந்தது, யாருக்காவது அடிபட்டதா என்று கேட்டார். அப்போதுதான் எனக்கே உறைத்தது. ஃபால்ஸ் என்றால் பொய், ஃபால் என்றால் விழுவது. திருத்தணியிலிருந்து சென்னை வரைக்கும் கடைக்குக் கடை ஃபால் சீலிங் என்றுதான் எழுதி வைத்திருக்கிறார்கள். பொய்யில் ஓர் எழுத்தை விழுங்கிவிட்டு நிம்மதியாக அதன் கீழே படுத்துத் தூங்குகிறோம். இங்கே அதற்கு ட்ராப் சீலிங் என்று பெயராம். ட்ராப் என்றாலும் விழுவதுதானே என்றேன். மனுவேலுக்கு என் நியாயம் விளங்கவில்லை.

அந்த அறை அம்மாவுக்காக. அம்மா மணவூரில் ஒரு மிஷன் பள்ளியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவள். அத்தனை வருஷமும் திருத்தணியிலிருந்து ரயிலில் போய்வந்தாள். அப்பா போன பிறகு அரக்கோணம் சாலையில் எங்கள் வீட்டு மாடியில் தனியாக இருக்கிறாள். கீழ் வீட்டைப் பாத்திரக் கடைக்காரர் ஒருவர் சரக்கு வைக்க வாடகைக்கு எடுத்திருக்கிறார். மாடி ஜன்னலில் நின்றால் மலை தெரியும். சாலையில் திருவாலங்காட்டு ஆலைக்குப் போகிற கரும்பு டிராக்டர்கள் தெரியும். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகிற குடும்பம். ஆனாலும் ஆடிக் கிருத்திகைக்கு மலை முழுக்க விளக்குப் போட்டால், "சீக்கிரம் வாங்கடா, மலைய பாருங்க" என்று முதல் ஆளாகக் கூப்பிடுவது அம்மாதான். காவடி எடுத்து வருகிறவர்கள் கால் நனைத்துக்கொள்ள அன்றைக்கு வாசல் குழாயைத் திறந்து விடுவாள். இப்போது முழங்கால் வலி அதிகமாகி, மாடிப்படி அவளுக்குப் பெரிய மலையாகிவிட்டது. பல வருஷம் கெஞ்சிய பிறகு, "சரி நைனா, வரேன்" என்றாள். எங்கள் பக்கம் தெலுங்கு கலந்த பேச்சு. அப்பாவையும் நைனா என்போம், பெற்ற பிள்ளையையும் கொஞ்சலாக அப்படிக் கூப்பிடுவோம்.

பேஸ்மென்ட் என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது? ஊரில் அது பேஸ்மட்டம். வீடு கட்டுவதற்கு முன் மண் கொட்டிக் கெட்டிப்படுத்துகிற அடித்தளம். "பேஸ்மட்டத்துலயா என்னப் படுக்க வெப்ப?" என்று கேட்டிருப்பாள். அதனால் போனில், "உனக்குன்னு தனியா கீழ் வீடு ரெடி பண்றோம்மா" என்றேன்.

"கீழ் வூடா? நெஜமாவா? எனக்குப் படியே ஏற வேணாமே நைனா!"

நம் ஊரில் கீழ் வீடு என்றால் தரையோடு இருக்கிற வீடு. வாசலைத் திறந்தால் தெரு. நான் சொன்னது தரைக்கும் கீழே. அந்தக் குரலில் அவ்வளவு சந்தோஷம். திருத்த ஒரு நிமிஷம் போதும். திருத்தவில்லை. அடுத்த வாரம் சபை முழுக்கச் செய்தி: "எம் பையன் கீழ் வூட்ட எனக்கே வுட்டுட்டான்." புதிதாக வந்திருக்கும் பாஸ்டர் குடும்பம் வீடு தேடிக்கொண்டிருந்தது. தன் மாடியை அவர்களுக்குத் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டாள். என் ஒற்றைச் சொல்லை நம்பி அம்மா தன் வீட்டைக் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு விளக்குக் கடைக்குப் போயிற்று. அங்கே ஒரு சுவர் நிறைய மாதிரி விளக்குகள் எரிந்தன. மஞ்சள், இளமஞ்சள், வெள்ளை, கடைசியில் டேலைட், அதாவது பகல் வெளிச்சம். இந்த ஊர்க்காரர்கள் மஞ்சளைத்தான் எடுக்கிறார்கள். வீட்டை அரையிருட்டாக வைத்துக்கொள்வதில் அவர்களுக்கு ஒரு சுகம். நமக்கு மஞ்சள் என்றால் மாட்டுக்கொட்டகைக் குண்டு பல்பு. நான் டேலைட்டை எடுத்தேன். நான்கு போதும் என்று நினைத்துப் போனவன், கூடையில் போட்டுக்கொண்டே இருந்தேன். கட்டில் தலைமாட்டுக்கு ஒன்று, பைபிள் வாசிக்க ஒன்று, மூலை இருட்டக்கூடாது என்று ஒன்று. அந்த அறையில் ஜன்னல் என்று ஒன்று உண்டு. கூரையை ஒட்டி, ஒரு முழ உயரமே உள்ளது, கிழக்குப் பக்கம். பனி குவிந்தால் அதுவும் மூடிக்கொள்ளும்.

மனுவேல் பெட்டிகளைப் பார்த்துவிட்டுக் கண்ணைச் சிமிட்டினார். "செடி வளர்க்கப் போகிறாயா? வெட்கப்படாதே, இப்போது சட்டப்படி தப்பில்லை" என்றார். அவர் சொன்னது கஞ்சாச் செடியை. "இல்லை, என் அம்மாவுக்கு" என்றேன். அவர் நான் அம்மாவுக்காகக் கஞ்சா வளர்ப்பதாகப் புரிந்துகொண்டு, வலிக்கு நல்லதுதான் என்று ஆறுதல் சொன்னார். உண்மை என்னவென்றால் மேலே சமையலறைக்குப் பக்கத்தில் வெயில் விழுகிற அறை ஒன்று இருக்கிறது. அது என் ஆபீஸ் அறை. அங்கே ஒரு மேசையும் கணினியும் நானும் இருக்கிறோம். அதைக் காலி செய்வது பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

வேலை நடந்துகொண்டிருந்தபோது அம்மா கேட்டாள்: "இன்னா லைட்டுடா போடற?"

"பாட் லைட்டும்மா. பாட்னா பானை. சின்னப் பானை மாதிரி கூரைக்குள்ள பதிச்சிடுவாங்க."

"அட, குடத்திலிட்ட விளக்கு!" என்று சிரித்தாள். "எத்தினி வருசம் பசங்களுக்கு நடத்துனேன். இப்பதான் அதுக்குள்ளயே குடித்தனம் பண்ணப் போறேன். ஜன்னலு எந்தப் பக்கம் நைனா?"

"கிழக்கும்மா."

அது பொய்யில்லை. பொய்யாக இருந்திருந்தால்கூட இவ்வளவு உறுத்தியிருக்காது.

வேலை முடிந்த சனிக்கிழமை காலை, எல்லா விளக்கையும் போட்டுவிட்டு வீடியோவில் அறையைக் காட்டினேன். வெள்ளைச் சுவர், புதுக் கட்டில், பளபளவென்று தரை. அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"நல்லா இருக்குதுடா. ஆமா, அங்க இன்னா நேரம்?"

"காலை பத்தும்மா."

"பட்டப்பகல்ல எதுக்கு இம்மாம் லைட்டப் போட்டுகினு இருக்க? எல்லாத்தயும் அமத்து. வெயில்ல ரூம் எப்பிடி இருக்குதுன்னு பாக்கறேன்."

"அப்புறம் காட்டறேம்மா."

"அமத்துடா."

வகுப்பில் பேசுகிற குரல் அது. அமர்த்தினேன். இரவு கொட்டிய பனியில் அந்த ஒரு முழ ஜன்னலும் அடைந்து கிடந்தது. செல்போனில் என் முகமும் இல்லை, சுவரும் இல்லை.

"நைனா? லைன் கட்டாயிடுச்சா?"

"இல்லம்மா. இதுதான் ரூம்."

அவள் பக்கம் சாலையில் ஏதோ வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. "பூமிக்குள்ளயா இருக்குது?" என்று கேட்டாள். "ஆமாம்மா" என்றேன். கீழ் வீடு என்று சொன்னது தப்பு என்றேன். மேலே ஆபீஸ் அறையைத் தருகிறேன், இன்றைக்கே காலி செய்கிறேன் என்று படபடவென்று பேசினேன்.

"மண்ணுக்குக் கீழ போறதுக்கு எனக்கு இன்னும் நேரம் இருக்குது நைனா. உங்கப்பா பக்கத்துல எனக்கு எடம் வுட்டுதான் வெச்சிருக்காங்க. நீ ஏண்டா அவசரப்படுத்தற?" சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். கோபித்துக்கொண்டிருந்தால் தாங்கியிருப்பேன். பிறகு, நான் பெரிய சங்கடத்தில் இருப்பதை உணர்ந்து, எனக்கு வழியும் அவளே சொன்னாள். "பாஸ்டருக்கு மாடிய குடுக்கறேன்னு சொன்னது சொன்னதுதான். பாத்திரக் கடைக்காரர காலி பண்ணச் சொல்றேன். கீழ் வூடு எனக்கு இங்கயே இருக்குதே!"

போனை வைத்ததும் எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. நிம்மதி. ஆபீஸ் அறை பிழைத்தது என்ற நிம்மதி. அது வந்த வேகத்தைப் பார்த்துத்தான் எனக்கே அருவருப்பாக இருந்தது. இதைப் படிக்கிற ஊர்க்காரர்கள் திட்டுவார்கள், திட்டட்டும். இங்கே இருக்கிறவர்கள் பேசாமல் இருப்பார்கள். அவர்கள் வீட்டிலும் பேஸ்மென்ட் இருக்கிறது.

மறுநாள் மேசையைக் கீழே இறக்கினேன். மேல் அறையில் கட்டிலைப் போட்டு விரிப்பும் விரித்து வைத்திருக்கிறோம். காலையில் அந்தக் கட்டில்மேல் வெயில் வந்து விழும், சாயங்காலம் போய்விடும். அம்மா பாத்திரக் கடைக்காரர் காலி செய்த அறையில், வாசலைத் திறந்து வைத்துத் தெருவைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள். நான் கீழே டேலைட் வெளிச்சத்தில் வேலை செய்கிறேன். அங்கே எந்நேரமும் திருத்தணியின் காலைப் பத்து மணி.

போன வாரம் வேலைக்கு உட்கார்ந்த சற்று நேரத்தில் கூப்பிட்டாள். "இங்க இருட்டிகினு வருது. அங்க விடிஞ்சிச்சா நைனா?"

தலைக்கு மேலே அத்தனை விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. சின்ன ஜன்னலைப் பனி மூடியிருந்தது.

"இரும்மா, மேல போய்ப் பாத்துட்டு சொல்றேன்."